கேஷ் வைத்த பிறகும் திரெட்கள் ஏன் காத்துக் கிடக்கின்றன?

கேள்வி இது: ஜாவாவில் எழுதிய வெப் அப்ளிகேஷன். டேட்டாபேஸிலிருந்து எடுக்கும் விவரங்களை ஒரு ஹேஷ்மேப்பில் (கீயைக் கொடுத்தால் அதன் மதிப்பைத் தரும் அட்டவணை) கேஷ் செய்து, அதாவது மறுபடி கேட்டால் உடனே கொடுக்க மெமரியில் வைத்து, அதைச் சுற்றி ஒரே ஒரு லாக் (ஒரு சமயத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போட்டிருக்கிறார்கள். டிராஃபிக் குறைவாக இருக்கும்போது எல்லாம் சரி. கொஞ்சம் ஏறியதும் ரெஸ்பான்ஸ் நேரம் திடீரென்று எகிறுகிறது. ஆனால் சிபியு பாதிகூட ஓடவில்லை. திரெட் டம்ப் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைச் சரடுகளான திரெட்கள் ஒவ்வொன்றும் அந்த நொடியில் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்தால் பெரும்பாலான திரெட்கள் அந்த லாக்குக்காக நிற்கின்றன. ரீட்-ரைட் லாக்குக்கு (படிப்பவர்கள் பலரைச் சேர்த்தும், எழுதுபவரைத் தனியாகவும் உள்ளே விடும் லாக்) மாறினால் போதுமா, இல்லை லாக்கே இல்லாமல் செய்ய வழி உண்டா?

லாக்கை மாற்றுவதற்கு முன்னால், அதை இப்போது கையில் வைத்திருக்கும் திரெட் என்ன செய்கிறது என்று பாருங்கள். காத்திருக்கும் திரெட்களைப் படிப்பதில் பெரிய பயன் இல்லை, அவை எல்லாமே ஒரே வரியில்தான் நிற்கும். டம்ப்பில் அந்த லாக்கின் முகவரியைத் தேடி, அதைப் பிடித்திருக்கும் திரெட்டின் ஸ்டாக்கை (எந்த ஃபங்ஷனுக்குள் எந்த ஃபங்ஷன் ஓடுகிறது என்ற அடுக்கை) படியுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு, அதன் உச்சியில் பெரும்பாலும் ஒரு சாக்கெட் ரீட்தான் இருக்கும். லாக்கைப் பிடித்தபடியே அது டேட்டாபேஸின் பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறது. சிபியு சும்மா இருப்பதற்கும் அதுவே காரணம்: ஒரு திரெட் நெட்வொர்க்குக்காகத் தூங்குகிறது, மற்றவை அந்தத் திரெட்டுக்காகத் தூங்குகின்றன.

ஹிட் ரேட் (கேட்டது கேஷிலேயே கிடைக்கும் விகிதம்) நன்றாகத்தானே இருக்கிறது, எப்போதோ ஒரு முறை வரும் மிஸ் (கேஷில் கிடைக்காமல் போவது) இவ்வளவு கெடுக்குமா என்று தோன்றும். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். விநாடிக்கு 1000 ரிக்வெஸ்ட் வருகிறது, 98 சதவீதம் கேஷிலேயே கிடைத்துவிடுகிறது என்று வையுங்கள். ஹிட் ஒவ்வொன்றும் லாக்கை 1 மைக்ரோசெகண்ட் பிடிக்கிறது. 980 ஹிட்டும் சேர்ந்து 1 மில்லிசெகண்டுகூட இல்லை. மீதி 20 மிஸ். ஒவ்வொன்றும் லாக்கைப் பிடித்துக்கொண்டே டேட்டாபேஸுக்குப் போய்வர 50 மில்லிசெகண்ட் எடுத்தால், 20 பெருக்கல் 50, சரியாக 1000 மில்லிசெகண்ட். அதாவது ஒரு விநாடியில் ஒரு முழு விநாடியும் லாக் பிஸி. 98 சதவீத ஹிட் ரேட் டாஷ்போர்டில் பச்சையாக மின்னிக்கொண்டிருக்கும்போதே, லாக் நூறு சதவீதம் நிரம்பிவிட்டது. 8 கோர் இருந்தாலும் 64 கோர் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

'திடீரென்று' எகிறுவதற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. எந்தக் க்யூவும் 50, 60 சதவீதம் நிரம்பும்வரை பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. 80, 90-ஐத் தாண்டும்போது காத்திருப்பு செங்குத்தாக ஏறும். நேற்றுவரை நன்றாக ஓடியதே என்பது நேற்று இதே கோளாறு இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது.

சரி, ரீட்-ரைட் லாக். மேலே போட்ட கணக்கில் அதை வைத்துப் பாருங்கள். 20 மிஸ்ஸும் ரைட் லாக்குக்குள் லோடு செய்தால், ரைட் லாக் அதே ஒரு விநாடி முழுக்கப் பிடிபட்டிருக்கும். அந்த நேரத்தில் படிப்பவர்கள் யாரும் உள்ளே போகமுடியாது. ஒன்றும் மாறவில்லை. போதாததற்கு, ஜாவாவின் ரீஎன்ட்ரன்ட் ரீட்-ரைட் லாக்கில் க்யூவின் முதல் ஆளாக ஒரு ரைட்டர் காத்திருந்தால், புதிதாக வரும் ரீடர்களும் அதன் பின்னால் நிற்கவேண்டும். ரைட்டர் பட்டினி கிடக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ரீட் லாக்கைப் பிடித்திருக்கும்போதே ரைட் லாக் கேட்டால் அந்தத் திரெட் தன்னையே எதிர்பார்த்து நிரந்தரமாக மாட்டிக்கொள்ளும், அப்படி மேலேற்றிக்கொள்ள அந்த வகுப்பு அனுமதிப்பதில்லை. இன்னொன்று, உள்ளே நடக்கும் வேலை ஒரு மேப் லுக்கப் மட்டும் என்றால் ரீட் லாக்கும் இலவசம் இல்லை. எத்தனை ரீடர் உள்ளே இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை ஒவ்வொரு ரீடரும் ஏற்றி இறக்கவேண்டும், அது ஒரே மெமரி இடத்தில் இருக்கிறது, எல்லா கோர்களும் அந்த ஒரு கேஷ் லைனுக்காக (இது சிபியுவின் சொந்த கேஷில் ஒரு துண்டு) இழுபறி செய்யும். மிகக் குறுகிய வேலைக்கு ரீட்-ரைட் லாக் சாதாரண லாக்கைவிட மெதுவாகப் போவதும் உண்டு. என் கருத்தில், கேஷ் என்ற வேலைக்கு அது அநேகமாக எப்போதும் தவறான கருவி.

செய்யவேண்டியது, லோடு செய்யும் வேலையை லாக்குக்கு வெளியே கொண்டுவருவது. முதலில் ஹேஷ்மேப்பை எடுத்துவிட்டு, பல திரெட்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடிய கன்கரன்ட் ஹேஷ்மேப்பைப் போடுங்கள். 2004-இல் ஜாவா 5-உடன் வந்தபோது அது தன்னை இயல்பாக 16 பிரிவுகளாக வெட்டி, பிரிவுக்கு ஒரு லாக் வைத்திருந்தது. 2014-இல் ஜாவா 8 வந்தபோது அந்த அமைப்பை எடுத்துவிட்டு, மேப்பின் ஒவ்வொரு பின்னுக்கும் (கீயின் ஹேஷைப் பொறுத்துப் பொருள்கள் விழும் சின்ன அறை) தனித்தனியாக லாக் என்று மாற்றினார்கள். காலியான பின்னில் முதல் ஆளாகப் போட லாக்கே தேவையில்லை, ஒரு கம்பேர்-அண்ட்-ஸ்வாப் (மதிப்பு எதிர்பார்த்தபடியே இருந்தால் மட்டும் ஒரே அடியில் மாற்றும் கட்டளை) போதும். படிப்பதற்கு இரண்டு வடிவங்களிலும் பொதுவாக லாக் கிடையாது. ஆக, உங்கள் 980 ஹிட்டும் யாருக்காகவும் நிற்காமல் போய்விடும்.

மிஸ்தான் கவனிக்கவேண்டிய இடம். எளிய வழி: கேஷில் இல்லையா, லாக் எதுவும் இல்லாமல் டேட்டாபேஸுக்குப் போ, வந்ததும் மேப்பில் போடு. ஒரே கீயை ஐந்து திரெட்கள் ஒரே நேரத்தில் தேடினால் ஐந்தும் டேட்டாபேஸுக்குப் போகும், கடைசியாக வந்தது மேப்பில் நிற்கும். இதைக் கேட்டதுமே பலருக்கு உறுத்தும். ஆனால் லோடு மலிவானது, கீகள் பரவலாக வருகின்றன என்றால், இந்த இரட்டை வேலையை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது. அதைத் தடுக்க எழுதும் கோடில் வரும் பிழைகள், அது மிச்சப்படுத்தும் குவெரிகளைவிட அதிக நேரத்தைத் தின்னும். லோடு கனமானது, அல்லது ஒரே ஒரு கீக்கு மொத்தக் கூட்டமும் வரும் (முகப்புப் பக்கத்தில் காட்டும் ஒரு பட்டியல் மாதிரி) என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

அந்த அடுத்த படி என்றதும் எல்லோர் கையும் போவது கம்ப்யூட்-இஃப்-ஆப்சென்ட்டுக்கு (கீ மேப்பில் இல்லையென்றால் நீங்கள் கொடுத்த ஃபங்ஷனை ஓட்டி மதிப்பைப் போடும் மெத்தட்). ஒரே வரியில் முடிந்துவிடுகிறது, ஒரு கீக்கு ஒரு முறைதான் லோடு நடக்கும் என்ற உறுதியும் இருக்கிறது. ஆனால் அது நீங்கள் கொடுக்கும் லோடு ஃபங்ஷனை அந்தப் பின்னைப் பூட்டிக்கொண்டு ஓட்டுகிறது. அதே பின்னில் விழும் சம்பந்தமில்லாத வேறொரு கீயை எழுத வந்த திரெட்டும் உங்கள் குவெரி முடியும்வரை நிற்கும். மேப் பெரிதாக வளரவேண்டிய நேரம் வந்தால், பின்களை இடம் மாற்றும் வேலையும் அந்த ஒரு பின்னிடம் வந்து நிற்கும். கணக்கு சுருக்கமாகவும் எளிதாகவும் இருக்கவேண்டும், அதே மேப்பின் மற்ற கீகளைத் தொடக்கூடாது என்று ஜாவாவின் அதிகாரபூர்வ விளக்கமே சொல்கிறது. 50 மில்லிசெகண்ட் குவெரி அந்த வரையறைக்குள் வராது. லோடு ஃபங்ஷன் உள்ளேயே அதே மேப்பைத் திரும்ப எழுதினால் ஜாவா 8-இல் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்க வாய்ப்பு உண்டு. ஜாவா 9 முதல் பல இடங்களில் அதைக் கண்டுபிடித்து எக்ஸெப்ஷன் எறிகிறது. ஜாவா 8-இல் இன்னொரு வினோதமும் இருந்தது: கீ ஏற்கெனவே மேப்பில் இருந்தாலும் இந்த மெத்தட் பின்னைப் பூட்டித்தான் பார்க்கும். அதனால் பழைய ஜாவாவில் ஓடுகிறவர்கள் முதலில் சாதாரண கெட் செய்து பார்த்து, இல்லை என்றால் மட்டும் இதற்கு வருவது நல்லது.

சரியான வழி, மேப்பில் மதிப்பை வைக்காமல், மதிப்பு வரப்போகிறது என்ற வாக்குறுதியை வைப்பது. மேப்பின் மதிப்பு வகை கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சர். ஒரு திரெட் வருகிறது, கீயைத் தேடுகிறது. ஃபியூச்சர் இருந்தால் அதன் முடிவை எடுத்துக்கொள்கிறது, முடியவில்லை என்றால் அதன்மேல் காத்திருக்கிறது. இல்லையென்றால் காலியான ஒரு ஃபியூச்சரை உருவாக்கி, புட்-இஃப்-ஆப்சென்ட் (கீ இல்லையென்றால் மட்டும் போடும் மெத்தட்) மூலம் மேப்பில் போடப் பார்க்கிறது. போட முடிந்ததா, இந்தக் கீயை லோடு செய்யும் பொறுப்பு தன்னுடையது. எந்த லாக்கையும் பிடிக்காமல் டேட்டாபேஸுக்குப் போய்வந்து ஃபியூச்சரை நிறைவு செய்கிறது. வேறொருவர் முந்திக்கொண்டாரா, தன் காலி ஃபியூச்சரைத் தூக்கிப் போட்டுவிட்டு அவருடையதன்மேல் காத்திருக்கிறது. பின்னின் லாக் பிடிபடுவது ஒரு பாயின்டரைச் செருகும் நேரத்துக்கு மட்டும். காத்திருப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் ஒரே கீயைக் கேட்டவர்கள் மட்டும், அந்தக் கீக்காக மட்டும் காத்திருக்கிறார்கள்.

கோ மொழியில் இதே வேலையை சிங்கிள்ஃபிளைட் என்ற சின்ன பேக்கேஜ் செய்கிறது. டாட்நெட்டின் கன்கரன்ட் டிக்ஷனரி ஜாவாவுக்கு நேர் எதிரான முடிவை எடுத்திருக்கிறது: கெட்-ஆர்-ஆட் உங்கள் ஃபங்ஷனை லாக்குக்கு வெளியே ஓட்டும், அதனால் யாரும் தேவையில்லாமல் நிற்பதில்லை, ஆனால் அது பல முறை ஓடலாம். அங்கே மதிப்பை லேஸி என்ற வகைக்குள் சுற்றி வைப்பது வழக்கம். ஒரு மொழியில் பழகிய கையோடு இன்னொரு மொழிக்குப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குவார்கள்.

இந்த ஃபியூச்சர் முறையில் கோட்டைவிடும் இடங்கள் மூன்று. முதலாவது, தோல்வி. லோடு செய்யப்போனவர் எக்ஸெப்ஷனில் விழுந்து ஃபியூச்சரை நிறைவு செய்யாமல் போய்விட்டால், அந்தக் கீயைக் கேட்கும் ஒவ்வொரு திரெட்டும் வரிசையாக வந்து நிரந்தரமாக நிற்கும். அதனால் எந்த வகைப் பிழையையும் பிடிக்கிற மாதிரி எழுதி, முதலில் மேப்பிலிருந்து அந்த ஃபியூச்சரை நீக்குங்கள், அப்புறம் அதைப் பிழையோடு நிறைவு செய்யுங்கள். வரிசை முக்கியம்: முதலில் நிறைவு செய்தால், விழித்தெழுந்து மறுபடி முயலும் திரெட் அதே செத்த ஃபியூச்சரையே மேப்பில் பார்க்கக்கூடும். நீக்கும்போது கீயை மட்டும் கொடுக்காமல் கீயும் இந்த ஃபியூச்சரும் சேர்ந்து பொருந்தினால் மட்டும் நீக்கு என்ற இரண்டு வாதங்கள் கொண்ட ரிமூவைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் இடையில் வேறொருவர் போட்ட நல்ல ஃபியூச்சரை நீங்கள் தூக்கிவிடலாம். டாட்நெட்டின் லேஸியும் இயல்பான நிலையில் எக்ஸெப்ஷனைப் பிடித்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கும், அங்கும் இதே கவனம் வேண்டும்.

இரண்டாவது, காத்திருப்புக்கு எல்லை. லோடு செய்பவரின் கனெக்ஷன் தொங்கிவிட்டால் அவருக்காகக் காத்திருக்கும் நூறு பேரும் தொங்குவார்கள். டைம்-அவுட் இல்லாமல் ஃபியூச்சரில் காத்திருக்கவே கூடாது.

மூன்றாவதை அதிகம் பேர் யோசிப்பதில்லை: பழைய மதிப்பு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வது. முதலில் சொன்ன எளிய முறையில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு திரெட் மிஸ் ஆகி, டேட்டாபேஸில் பழைய வரியைப் படித்துவிட்டது, இன்னும் கேஷில் போடவில்லை. அந்த இடைவெளியில் இன்னொரு திரெட் அந்த வரியை மாற்றி, கேஷிலிருந்து கீயை நீக்குகிறது. அங்கே நீக்க ஒன்றும் இல்லை. இப்போது முதல் திரெட் நிதானமாக வந்து பழைய மதிப்பைப் போடுகிறது. எக்ஸ்பைரி ஆகும்வரை தவறான மதிப்பு அங்கேயே இருக்கும். இந்தப் பிழை டெஸ்டில் வராது, புரொடக்ஷனில் மாதத்துக்கு ஒரு முறை வந்து எல்லோரையும் குழப்பும். ஃபியூச்சர் முறையில் இதற்கு மருந்து கூடவே வருகிறது. படிக்கத் தொடங்கும் முன்பே ஃபியூச்சர் மேப்பில் இருப்பதால், மாற்றிய திரெட்டுக்கு நீக்க ஒரு பொருள் இருக்கிறது. நீக்கிய பிறகு வருபவர் புதிதாக லோடு செய்வார். பழைய ஃபியூச்சர் நிறைவானாலும் அது மேப்பில் இல்லை, முன்பே காத்திருந்தவர்களுக்கு மட்டும் பழைய மதிப்பு போகும், அதில் தவறு இல்லை. ஒரே நிபந்தனை, டேட்டாபேஸில் கமிட் ஆன பிறகுதான் நீக்கவேண்டும். கமிட்டுக்கு முன்னால் நீக்கினால், இடையில் வரும் லோடு பழைய வரியையே படித்து வந்து கேஷில் நிலைத்துவிடும்.

பல மெஷின்களுக்கு நடுவில் இதே யோசனையை ஃபேஸ்புக் மெம்கேஷ்டியில் (பல சர்வர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கேஷ் சர்வர்) செய்து 2013-இல் ஒரு ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டது. மிஸ் ஆனவருக்கு சர்வர் 64 பிட் டோக்கன் ஒன்றைத் தருகிறது; அதைக் காட்டினால்தான் மதிப்பைப் போடமுடியும். இடையில் கீ நீக்கப்பட்டிருந்தால் டோக்கன் செல்லாது. ஒரு கீக்கு 10 விநாடிக்கு ஒரு டோக்கன்தான் என்று கட்டுப்படுத்தியதால் கூட்டமாகப் பாய்வதும் நின்றது. அந்தப் பாய்ச்சலுக்கு அதிகம் ஆளாகும் கீகளின் ஒரு தொகுப்பில் டேட்டாபேஸின் உச்ச குவெரி வேகம் விநாடிக்கு 17,000-இலிருந்து 1,300-க்கு இறங்கியது என்று கட்டுரை சொல்கிறது.

இனி எக்ஸ்பைரி. ஃபியூச்சர் முறையில் ஒரு கீயை ஒருவர்தான் லோடு செய்கிறார், சரி. ஆனால் பிரபலமான கீ காலாவதியாகும் ஒவ்வொரு முறையும், லோடு முடியும்வரை மற்றவர்கள் நிற்கிறார்கள். பழைய மதிப்பு கையில் இருக்கும்போது ஏன் நிற்கவேண்டும்? ஒவ்வொரு மதிப்புக்கும் இரண்டு நேரங்களை வையுங்கள்: இதற்குமேல் புதுப்பித்தால் நல்லது என்று ஒன்று, இதற்குமேல் கொடுக்கவே கூடாது என்று ஒன்று. முதல் நேரம் தாண்டியதும் வரும் திரெட்களில் ஒன்று கம்பேர்-அண்ட்-ஸ்வாப்பில் ஜெயித்து, பின்னணியில் புதுப்பிக்கும் வேலையை ஒரு சின்ன திரெட் பூலிடம் கொடுக்கிறது. எல்லோரும், ஜெயித்தவர் உட்பட, பழைய மதிப்பை வாங்கிக்கொண்டு உடனே போய்விடுகிறார்கள். எச்டிடிபி கேஷ்களுக்கு இதே நடத்தையை 2010-இல் ஆர்எஃப்சி 5861 என்ற இணைய ஆவணம் வரையறுத்தது. என்ஜின்எக்ஸ் வெப் சர்வரிலும் புதுப்பிக்கும்போது பழையதைக் கொடு என்ற செட்டிங் இருக்கிறது. ஜாவாவுக்கான கேஃபைன் என்ற கேஷ் லைப்ரரியில் ரிஃப்ரெஷ்-ஆஃப்டர்-ரைட் என்ற பெயரில் தயாராகவே கிடைக்கிறது. பழைய மதிப்பைச் சில விநாடிகள் பொறுத்துக்கொள்ளும் எந்த டேட்டாவுக்கும் நான் முதலில் எடுப்பது இதைத்தான். கணக்கு இருப்பு, அனுமதி போன்ற விஷயங்களுக்கு வேண்டாம்.

கூடவே, எல்லாக் கீகளுக்கும் அச்சு அசலாக ஒரே ஆயுள் கொடுக்காதீர்கள். சர்வர் ஸ்டார்ட் ஆன விநாடியில் லோடான ஆயிரம் கீகளும் பத்து நிமிடம் கழித்து அதே விநாடியில் சாகும். ஆயுளில் பத்து சதவீதம் முன்னே பின்னே ரேண்டமாகச் சேர்த்தால் போதும். 2015-இல் வெளியான ஒரு ஆய்வு இன்னும் நுணுக்கமான வழியைச் சொன்னது: காலாவதி நெருங்க நெருங்க, ஒவ்வொரு ரிக்வெஸ்டும் தானே ரேண்டமாக முடிவெடுத்து முன்கூட்டியே புதுப்பிக்கும், லோடு செய்ய அதிக நேரம் எடுக்கும் மதிப்பு இன்னும் முன்னதாகவே புதுப்பிக்கப்படும். திரெட்கள் தமக்குள் பேசிக்கொள்ளவே வேண்டியதில்லை என்பது அதன் அழகு.

லாக்கே இல்லாமல் செய்ய வழி உண்டா என்று கேட்டீர்கள். டேட்டா சிறியது, முழுதாக மெமரியில் அடங்கும், எப்போதாவதுதான் மாறும் என்றால் உண்டு. நாடுகளின் பட்டியல், செட்டிங்குகள், வரி விகிதங்கள் மாதிரி. ஒரு பின்னணித் திரெட் மொத்தத்தையும் லோடு செய்து, மாற்றமுடியாத ஒரு புதிய மேப்பைக் கட்டி, வாலடைல் (மாற்றம் மற்றத் திரெட்களுக்கும் தெரியும் என்று உறுதி தரும்) ரெஃபரன்ஸ் ஒன்றை அதை நோக்கித் திருப்பிவிடுகிறது. படிப்பவர்கள் அந்த ரெஃபரன்ஸைப் படிக்கிறார்கள், அவ்வளவுதான். பழைய மேப்பை யாராவது இன்னும் படித்துக்கொண்டிருந்தால் படிக்கட்டும், முடிந்ததும் கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத மெமரியைத் தானே விடுவிக்கும் பகுதி) எடுத்துக்கொள்ளும். 2002-இல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்த ஆர்சியு (ரீட்-காபி-அப்டேட்) முறையின் அடிப்படை யோசனையும் இதுதான். கார்பேஜ் கலெக்டர் இல்லாததால் அங்கே பழையதை எப்போது விடுவிப்பது என்று தனியாகக் கணக்கு வைக்கவேண்டியிருக்கிறது. உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. ஒரு ரிக்வெஸ்டின் தொடக்கத்தில் ரெஃபரன்ஸை ஒரு லோக்கல் வேரியபிளில் ஒரே முறை எடுத்துக்கொண்டு, கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். பாதி பழையது பாதி புதியது என்று கலக்காமல் இருக்கும். மேப்பை மட்டும் மாற்றமுடியாததாக வைத்துவிட்டு உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட்டுகளில் செட்டர் கூப்பிட்டால் மொத்தமும் வீண். வாலடைலை விட்டுவிட்டால் ரெஃபரன்ஸ் மாறியதே மற்ற திரெட்களுக்கு எப்போது தெரியும் என்று உத்தரவாதம் இல்லை.

அப்புறம், கேஷுக்கு அளவு வரம்பு வைக்கும்போது வரும் ஒரு பொறி. எல்ஆர்யு (நீண்ட நேரம் தொடாததை முதலில் வெளியேற்றும் முறை) வேண்டும் என்று லிங்க்டு ஹேஷ்மேப்பை அணுகல் வரிசையில் வைப்பார்கள், அதைச் சுற்றி ரீட்-ரைட் லாக் போடுவார்கள், கெட் செய்வது படிப்புதானே என்று ரீட் லாக் மட்டும் எடுப்பார்கள். அணுகல் வரிசையில் கெட் ஒரு எழுத்து. எடுத்த பொருளைப் பட்டியலின் கடைசிக்கு நகர்த்த அது லிங்குகளை மாற்றுகிறது. இரண்டு ரீடர் ஒரே நேரத்தில் மாற்றினால் பட்டியல் அறுந்துபோகும், அல்லது வட்டமாகிவிடும். சரியாக எழுதவேண்டும் என்றால் ஒவ்வொரு ஹிட்டுக்கும் முழு லாக் தேவை. போன லாக் வாசல் வழியே திரும்பி வந்துவிட்டது.

இதற்கு நல்ல கேஷ்கள் எடுக்கும் வழி, துல்லியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. யார் கடைசியாகப் பயன்படுத்தப்பட்டார் என்பது தோராயமாகத் தெரிந்தால் போதும்தானே. மெம்கேஷ்டி ஒரு பொருளை எத்தனை முறை எடுத்தாலும் 60 விநாடிக்கு ஒரு முறைக்குமேல் எல்ஆர்யு பட்டியலில் நகர்த்தாது. கேஃபைன், படித்த செய்தியை திரெட்களுக்கு இடையே பரப்பிவைத்த சின்னச் சின்ன பஃபர்களில் குறித்து வைக்கிறது. பஃபர் நிரம்பியிருந்தால் அந்தக் குறிப்பை அப்படியே விட்டுவிடுகிறது. யாராவது ஒருவர் ட்ரை-லாக் போட்டு, கிடைத்தால் அந்தக் குறிப்புகளை மொத்தமாகப் பட்டியலில் ஏற்றுகிறார், கிடைக்காவிட்டால் நிற்காமல் போகிறார். இதையெல்லாம் நீங்களே எழுதுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஜாவாவில் இருக்கிறீர்கள் என்றால் கேஃபைனை எடுங்கள். அதன் அசின்க் கேஷ் மேலே விவரித்த ஃபியூச்சர் முறையையே உள்ளே வைத்திருக்கிறது.

இதே ரகத்தில் இன்னொன்று ஹிட் கவுன்டர். எவ்வளவு ஹிட் என்று எண்ண ஒரு அட்டாமிக் லாங் (லாக் இல்லாமலே பல திரெட்கள் பத்திரமாக ஏற்றக்கூடிய எண்) போட்டால், லாக் இல்லாவிட்டாலும் எல்லா கோர்களும் ஒரே 64 பைட் கேஷ் லைனை மாறி மாறிப் பிடுங்கும். ஜாவா 8-இல் வந்த லாங்-ஆடர் அதைப் பல செல்களாகப் பிரித்து, கேட்கும்போது மட்டும் கூட்டுகிறது.

லாக்கைப் பல துண்டுகளாக்கும் முறையும் உண்டு: கீயின் ஹேஷை வைத்து 64 லாக்குகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ஃபியூச்சர் முறை இருக்கும்போது அது தேவைப்படுவது அரிது. தேவைப்பட்டாலும், கீ ஸ்ட்ரிங்கை இன்டர்ன் செய்து (ஒரே உள்ளடக்கத்துக்கு ஒரே ஆப்ஜெக்ட் என்று ஆக்கி) அதையே லாக்காக வைத்து சின்க்ரனைஸ் செய்யும் குறுக்குவழி வேண்டாம். இன்டர்ன் செய்த ஸ்ட்ரிங் ஜேவிஎம் முழுக்கப் பொது. சம்பந்தமே இல்லாத ஒரு லைப்ரரி அதே ஸ்ட்ரிங்கைப் பூட்டினால் தேடிக் கண்டுபிடிக்க உங்களுக்கு நாள்கள் ஆகும்.

வர்ச்சுவல் திரெட்களுக்கு (சில நிஜத் திரெட்களின்மேல் மாறி மாறி ஓடும் இலகுவான திரெட்கள்) மாற நினைத்தால் ஒரு குறிப்பு. 2023-இல் வந்த ஜாவா 21-இல், சின்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் வர்ச்சுவல் திரெட் தன்னைச் சுமக்கும் நிஜத் திரெட்டையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். கம்ப்யூட்-இஃப்-ஆப்சென்ட்டும் உள்ளே சின்க்ரனைஸ்டுதான் பயன்படுத்துகிறது. 2025-இல் வெளியான ஜாவா 24 இதைச் சரிசெய்துவிட்டது.

இப்போது, லாக்கை எடுத்த பிறகு வரப்போகும் சிக்கல். உங்கள் பழைய லாக் தெரியாமலே ஒரு நல்ல காரியம் செய்துகொண்டிருந்தது: ஒரு சமயத்தில் ஒரே ஒரு குவெரிதான் டேட்டாபேஸுக்குப் போனது. லாக் போனதும், சர்வர் காலி கேஷோடு ஸ்டார்ட் ஆகும் தருணத்தில் இருநூறு வெவ்வேறு கீகளுக்கு இருநூறு திரெட்கள் ஒரே நேரத்தில் பாயும். ஃபியூச்சர் முறை இதைத் தடுக்காது, அது ஒரே கீக்குத்தான் காவல். ஹிகாரி பூலின் (டேட்டாபேஸ் கனெக்ஷன்களைத் தயாராக வைத்திருக்கும் ஜாவா லைப்ரரி) இயல்பான அளவு 10 கனெக்ஷன்; மீதிப்பேர் பூலின் வாசலில் நிற்பார்கள், இயல்பாக 30 விநாடிவரை. கேஷோடு சம்பந்தமில்லாத ரிக்வெஸ்ட்களும் கனெக்ஷன் கிடைக்காமல் அவர்களோடு சேர்ந்து நிற்கும். அதனால் லோடு செய்யும் பாதையில் ஒரு செமஃபோர் (ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று கட்டுப்படுத்தும் கருவி) வையுங்கள், பூலின் அளவைவிடக் குறைவாக, 5 அல்லது 6 அனுமதியோடு. அனுமதி குறிப்பிட்ட நேரத்துக்குள் கிடைக்கவில்லை என்றால் பழைய மதிப்பு இருந்தால் அதைக் கொடுங்கள், இல்லாவிட்டால் உடனே பிழையைச் சொல்லிவிடுங்கள். எத்தனை பேர் ஒரே நேரத்தில் டேட்டாபேஸுக்குப் போகலாம் என்பது இப்போது நீங்கள் தேர்ந்தெடுத்த எண்ணாக இருக்கும்.

பல சர்வர்கள் ஓடினால் ஒரே கீயை ஒவ்வொரு சர்வரும் ஒரு முறை லோடு செய்யும். பத்து சர்வருக்குப் பத்து குவெரி. அதைத் தடுக்க ரெடிஸில் (எல்லா சர்வர்களும் பொதுவாக அணுகும் மெமரி டேட்டாபேஸ்) ஒரு லாக் வைக்கலாமா என்ற யோசனை உடனே வரும். அந்தப் பத்து குவெரி டேட்டாபேஸை உண்மையிலேயே வருத்துகிறது என்று அளந்து பார்க்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். லாக்கைப் பிடித்த சர்வர் செத்தால் என்ன, எக்ஸ்பைரி லோடு நேரத்தைவிடக் குறைவாக இருந்தால் என்ன என்று அது வேறொரு கேள்வித்தாளைத் திறந்துவிடும்.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளப்பதற்கு ஜாவா ஃபிளைட் ரெக்கார்டர் என்ற பதிவுக் கருவி போதும். ஆனால் அதன் இயல்பான செட்டிங்கில் 20 மில்லிசெகண்டுக்கு மேல் நீடித்த லாக் காத்திருப்புகளை மட்டும்தான் பதிவு செய்யும். உங்களுக்கு இப்போது அது போதுமானது, குறுகிய இழுபறிகளைத் தேடும்போது அந்த எல்லையை இறக்கிக்கொள்ளுங்கள். ஃபியூச்சரில் காத்திருப்பதும் ரீஎன்ட்ரன்ட் லாக்கில் காத்திருப்பதும் மானிட்டர் (சின்க்ரனைஸ்டு லாக்) நிகழ்வாக வராது, திரெட் பார்க் என்ற வேறொரு நிகழ்வாக வரும். ஒன்று பூஜ்யமாகி இன்னொன்று ஏறியிருந்தால் காத்திருப்பு இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது அடுத்துப் பார்க்கவேண்டியது ஹிகாரி பூலில் கனெக்ஷனுக்காகக் காத்திருக்கும் திரெட்களின் எண்ணிக்கையை.